அலைதலும் அலையச் செய்தலும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றி நிகழும் தீங்கினின்று விலகுதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். உழும்போதும், சமைக்கும்போதும், வீடு கட்டும்போதும் சிற்றுயிர்கட்கு நேரும் துன்பத்தை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. ஆனால் எந்த நோக்கமும் இன்றி நேரும் துன்பத்தைத் தவிர்க்க அவனால் இயலும். இயலும் என்பதனாலேயே அது அவனுக்குக் கடமையாகிறது. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்வீண் தீங்குகளை ஐந்து வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைப் பிரமாதசரியை என்று குறிப்பிடுகிறது. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளைக் கொய்தல் ஆகியவற்றோடு, காரணமின்றி அலைதலும் பிறரை அலையச் செய்தலும் அதனுள் அடங்கும்.

இந்நூலை இளமையில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊர் ஜினாலயத் திண்ணையில் பாடம் கேட்டவன் நான். அலைதல் என்ற சொல்லைக் கடக்கும்போதெல்லாம், வேலையின்றிக் கடைத்தெருவில் திரியும் இளைஞர்களையே எண்ணிக்கொள்வேன். ஆசிரியப் பணியின் பொருட்டுச் சேலத்துக்கு வந்து, ஓய்வு பெற்று, அறுபத்து நான்காம் வயதில் ஒரு நாள் கொல்லிமலைக்குச் சென்று திரும்பிய பின்பே, அச்சொல் என்னையும் சுட்டுமோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராத ஐயத்தையும் அன்பர்கள் முன் வைக்கலாம் என்ற துணிவில் எழுதுகிறேன்.

பயணத்தின் தொடக்கம் ஒரு நிழற்படம். என் தமக்கையாரின் மகன் அமெரிக்காவில் பணிபுரிகிறான். அவன் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைக் காணச் சென்று, அங்கிருந்து படங்கள் அனுப்பியிருந்தான். கொலராடோ ஆறு அறுத்துச் சென்ற அப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் ஆழமுடையது. எழுபத்தோரு வயதான அக்கா அப்படத்தைக் கைப்பேசியில் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "பூமி இப்படியும் திறந்து கிடக்குமா, தம்பி?" என்று வினவினார். அவ்வளவு தொலைவு போவானேன், நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு என்று சொல்லி, ஆகாய கங்கைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்தேன். அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். பின்னால் இது முக்கியமாகும்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், சூரியன் எழுந்து நாங்கள் உணவு கொண்ட பின் வாடகைக் காரில் புறப்பட்டோம். இராசிபுரம் கடந்து சேந்தமங்கலம் செல்லும் வழியில் இருபுறமும் நீண்டு கிடந்தன கோழிப் பண்ணைகள். நாமக்கல் வட்டாரம் முட்டைக்கும் லாரிகளுக்கும் பெயர் பெற்றது என்பது அன்பர்கள் அறிந்ததே. சிறகை விரிக்கவும் இடமில்லாத கம்பிக் கூடுகளில் வாழ்நாள் முழுவதும் நின்றே கழிக்கும் உயிர்களின் பக்கமாக, வேடிக்கை பார்க்கும் பொருட்டு நாங்கள் விரைந்து போய்க்கொண்டிருந்தோம். அக்கா சன்னற் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். நாற்றத்திற்காக அன்று என்பது எனக்குத் தெரியும்.

காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தார்க்குப் பழகிய ஏற்காட்டுச் சாலையில் இருபதுதான் உண்டு. அதில் ஏறி இறங்கிய பழக்கத்தைக் கொண்டு எழுபதை அளவிட முடியாது. ஒரு வளைவில் வலப்புறம் தெரிந்த சமவெளி அடுத்த வளைவில் இடப்புறம் தெரியும். ஒவ்வொரு முறையும் சற்றே சிறுத்துத் தெரியும். வயல்கள் கட்டங்களாகவும், ஏரிகள் கண்ணாடிச் சில்லுகளாகவும் மாறிப் போயின. நாற்பதாம் வளைவுக்கு மேல் காற்றில் குளிர் ஏறியது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும், பலாவும், வாழையும் சாலையோரத்தை நிறைத்தன. அக்கா ஒரு சிறுமியைப் போல வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

எங்கள் ஓட்டுநர் சங்ககிரியைச் சேர்ந்த இளைஞர். தந்தை லாரி ஓட்டியவர். அறுபதாம் வளைவுக்கு அருகில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி முகம் கழுவினார். முந்தைய இரவு பெங்களூருக்குச் சென்று விடியற்காலையில்தான் திரும்பினாராம். புறப்படும் முன் நான் அவரிடம் கேட்டது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது ஒன்றே.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டு, வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலை அடைந்தபோது மணி பதினொன்று. அறப்பள்ளி என்பது அத்தலத்தின் பழம்பெயர். பள்ளி என்ற சொல் நம்மவர் செவியில் வேறொரு நினைவை எழுப்புதல் இயல்பே. எனினும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மலைக்கு உரிமை கொண்டாடும் ஆசை எனக்கில்லை. அது இன்று மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. சாமையும் தினையும் விளைவித்து, தம் தெய்வங்களைத் தாமே போற்றி வாழ்பவர்களின் மலை.

கோயிலுக்கு அப்பால் அருவிக்கு இறங்கும் படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அதன் அடியில் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நமக்குப் பழகிய குன்றுகள் எல்லாம் வேறு வகையின. பொன்னூர் மலையாயினும், போளூர்ப் பக்கத்துத் திருமலையாயினும், முதலில் ஏற வேண்டும். வியர்வை சிந்திய பிறகே காட்சி. திரும்பும் வழி இறக்கம். களைத்தவன் பாதியில் நின்றுவிடலாம்; அவனுக்கு நட்டம் ஏதுமில்லை. இங்கோ இன்பம் முன்னும் விலை பின்னுமாக அமைந்திருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு படியும் எளிதாக இருக்கும்; எளிதாக இருப்பதனாலேயே அடுத்ததும் எடுத்து வைக்கப்படும். எவ்வளவு ஏற வேண்டியிருக்கும் என்பதை உடல் அப்போது சொல்லாது. அமெரிக்கப் பள்ளத்தாக்கிலும் இதுவே நிலையாம். ஒரே நாளில் ஆற்றங்கரை வரை இறங்கித் திரும்ப முயல வேண்டா என்று அங்குள்ள பூங்கா நிருவாகம் பயணிகளை எச்சரிக்கிறது.

அக்கா மேலே நின்று தயங்கினார். "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி. நான் கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்து காணாமல் போவதா, ஒரு மணிக்குள் ஏறிவிடலாம், பிறகு உணவு கொள்ளலாம் என்று வற்புறுத்தினேன். உணவுப் பாத்திரமும், வடிகட்டிக் காய்ச்சிய நீர் நிறைந்த இரண்டாம் குடுவையும் காரிலேயே தங்கிவிட்டன. ஒரு குடுவையோடு இறங்கினோம்.

அருவியை நான் வருணிக்கப் போவதில்லை. அரைவட்டப் பாறைச் சுவரின் நடுவே நீர் விழுந்துகொண்டிருந்தது; அதன் தூவானம் நெடுந்தொலைவு வந்து முகத்தில் படிந்தது. அக்கா நனையாத ஒரு பாறையில் அமர்ந்து மேல்நோக்கியபடி இருந்தார். அரை மணி நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை. பெருங்காட்சியின் முன் நின்றால் வாய் ஓயாத இயல்பினன் நான், எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஏறத் தொடங்கியபோது மணி ஒன்று. முதல் நூறு படிகளில் அக்காவின் முகம் சிவந்தது. இருநூறில் முழங்கால் நடுங்கியது. முந்நூற்றுக்கு மேல் பத்துப் படிக்கு ஒரு முறை அமர்ந்தார். குடுவை நீர் பாதி வழியிலேயே தீர்ந்தது. கடைகளில் நீர்ப்புட்டிகள் இருந்தன. நூறு முறை கெஞ்சியும் அவர் வாங்க ஒப்பவில்லை. கைப்பேசிக்கு அலைவரிசை கிட்டவில்லை. அன்னாசித் துண்டுகள் விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் பெண்ணொருவர் எங்களைக் கண்டு, தம் கூடையை அருகிலிருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். "நேரா ஏறாதீங்கம்மா, குறுக்கால சாஞ்சு ஏறுங்க" என்று கூறி, அக்காவின் கையில் ஒரு கழியைக் கொடுத்து, மற்றொரு கையைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். அன்று காலை அவர் அக்கூடையோடு எத்தனை முறை ஏறி இறங்கினாரோ! உச்சியை நெருங்கும்போது எதிரே ஓட்டுநர் வந்தார். நேரம் கடந்ததைக் கண்டு, உறக்கத்தை விட்டு, இரண்டாம் குடுவையைத் தேடி எடுத்துக்கொண்டு இருநூறு படிகளுக்கு மேல் இறங்கி வந்திருந்தார்.

மேலே வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அப்பெண் இருநூறு ரூபாய் கேட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது மிகுதி என்று என் மனம் கணக்கிட்டது. அந்தக் கணத்தை மறைக்காமல் இங்கு எழுதுவதே அவருக்கு நான் இப்போது செய்யக்கூடியது.

சூரியன் மறைய இரண்டு நாழிகைக்கு முன் உணவை முடிப்பது அக்காவின் நாற்பதாண்டு வழக்கம். பாத்திரத்தைத் திறந்து கொடுத்தேன். ஒரு கவளம் எடுத்தார். குமட்டல் மேலிட்டு விழுங்க இயலவில்லை. நீர் மட்டும் சிறிது சிறிதாகப் பருகினார். வயிறு அமைதியடைவதற்குள் அந்தி மயங்கத் தொடங்கிவிட்டது. அவர் பாத்திரத்தை மூடி என்னிடம் தந்தார். காலையில் உண்டவர், ஆயிரம் படி ஏறியவர், மறுநாள் சூரியன் எழும் வரை நீரும் அருந்தவில்லை.

இறங்கும் வழியில் இருள் கவிந்தது. எழுபது வளைவுகளிலும் வண்டியின் விளக்கொளியை நாடி விட்டில்கள் வந்து முகப்புக் கண்ணாடியில் மோதின. துடைப்பான் அசையும்போதெல்லாம் அவற்றின் சிறகுத் தூள் கண்ணாடியில் மங்கலாகப் பரவியது. காலையில் வளைவுகளை எண்ணி வந்தவர் இப்போது எண்ணவில்லை.

இனி ஐயத்துக்கு வருகிறேன்.

காரணமின்றி அலைதல் என்கிறது நூல். எது காரணம்? திருமணம், இழவு, வாணிகம், மருத்துவம், ஆலய தரிசனம் ஆகியவை காரணங்கள் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அருவியைக் காண்டல் காரணமாகுமா? ஆகாது என்பவர், கண் என்னும் பொறியின் இன்பத்தைத் தவிர அதில் வேறென்ன உண்டு என்று கேட்பர். கேள்வி நேர்மையானதே. ஆயினும் நாம் தல யாத்திரைக்குச் செல்லும்போதும் கண் திறந்தே இருக்கிறது. சிரவணபெளகொளாவில் விந்தியகிரி ஏறி நின்று, கோமடேசுவரரைத் தொழுத பின் திரும்பி நின்று சமவெளியைப் பார்க்காதவர் யார்? பார்த்ததனால் தொழுகை பழுதாயிற்று என்று எவரும் கூறுவதில்லை. மறுபுறம், தரிசனம் என்ற பெயர் இருந்துவிட்டால் செலவு முழுவதும் தூயதாகிவிடுமோ? டோலியில் அமர்ந்து மலையேறும் நம்மைத் தோளில் சுமப்பவரின் மூச்சு, அவர் எவரை எதற்காகச் சுமக்கிறார் என்பதைக் கொண்டு எளிதாகிவிடுவதில்லை.

இவ்விடத்தில் சம்மேத சிகரம் நினைவுக்கு வருகிறது. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய அம்மலை ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. ஏறுதற்கு ஒன்பது, சுற்றுதற்கு ஒன்பது, இறங்குதற்கு ஒன்பது என்று 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பர். அதன் சூழலில் சுற்றுலாவுக்கு இடம் தரும் வகையில் 2019 ஆகஸ்டில் மைய அரசு அறிவிக்கை ஒன்று வெளியிட்டது. நாடெங்கும் நம்மவர் எதிர்த்தனர். 2023 ஜனவரி 5 அன்று சுற்றுலாச் செயல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நானும் அப்போது சேலத்தில் கையெழுத்திட்டவன். புனித மலை வேடிக்கைக்குரிய இடமன்று என்பதே நம் வாதம். அதே நாட்களில், அம்மலையை மராங் புரு என்று போற்றும் சந்தால் பழங்குடி மக்களும் தம் உரிமையை எடுத்துரைத்தனர். அது அப்போது என் செவியில் சரியாக விழவில்லை. கொல்லிமலைப் படிகளில் ஒரு பழங்குடிப் பெண்ணின் தோளில் என் தமக்கையாரின் கை கிடந்ததைக் கண்டபோதே, நம் மலைக்கு வருவோர் எப்படி வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டோமோ, அப்படியே நான் இன்னொருவர் மலைக்கு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

களைப்பைத் தவமாகக் கொள்ளலாகாதா என்று நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். என்னால் ஏற்க இயலவில்லை. தவம் அறிந்து மேற்கொள்வது. விரும்பாமல் வந்த பசியையும் தாகத்தையும் பொறுத்துக்கொள்வதால் நிகழும் வினையுதிர்வை அகாம நிர்ஜரை என்று ஆகமம் வேறாகவே வைத்துப் பேசுகிறது. சிறைப்பட்டவனின் பசியை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அன்றிரவு அக்காவின் பசிக்குப் பயன் ஏதேனும் இருந்தால் அது அவர் பொறுமையின் பயன். சிறையைக் கட்டியவனுக்கு அதில் பங்கு இல்லை.

இத்தனையும் எழுதி, அச்சுக்கு அனுப்பும் முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். கோபம் கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

"நீ என்னை அலைய வைத்தாய் என்று ஏன் எழுதுகிறாய்? நான் வந்தேன் என்று எழுது" என்றார்.

நான்தானே வற்புறுத்தினேன் என்றேன்.

"வற்புறுத்தினாய். பதினெட்டு வயதில் கலியாணத்துக்கு வற்புறுத்தினார்கள். அப்போது யாரும் கட்டுரை எழுதவில்லை. தம்பி, நான் ஊரைவிட்டு வெளியே போனதெல்லாம் கலியாணம், சாவு, பிரசவம், கோயில். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் என்னை யாரும் எங்கேயும் கூட்டிப் போனதே இல்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் யாருக்காகவும் இல்லை. அதைப் பாவக் கணக்கில் எழுதாதே."

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அலையாதே என்ற விதி, அலைவதற்கு உரிமையும் வண்டியும் பணமும் உடையவனை நோக்கிச் சொல்லப்பட்டதோ? வாழ்நாளெல்லாம் பிறர் காரணங்களுக்காகவே நடந்த ஒருவருக்கு அவ்விதி என்ன சொல்லும்? ஆசாரியர்கள் இதை எண்ணாதிருந்திருக்க மாட்டார்கள். நான் பாடம் கேட்ட திண்ணையில் பெண்கள் அமர்ந்ததில்லை என்பது மட்டும் உண்மை. ஆதலின் இக்கேள்வி அங்கு எழவில்லை.

ஆனால் அக்காவின் சொல் அக்காவை மட்டுமே விடுவிக்கும். ஓட்டுநரின் உறக்கமற்ற கண்களுக்கும், கூடையை விட்டு வந்த பெண்ணின் தோளுக்கும், கண்ணாடியில் மோதிய விட்டில்களுக்கும் அவர் பேச இயலாது. அவருடைய அரை மணி நேரத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களும்தாம். இதை அவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்" என்றார். பிறகு, "பகலிலேயே இறங்கியிருக்க வேண்டும்" என்றார்.

அன்று மாலை அவரே ஒன்று கேட்டார். திசைவிரதம் ஏற்க வேண்டும், எழுதிக் கொடு என்றார். பத்துத் திசைகளிலும் இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன் என்று வரையறுத்துக்கொள்வது அவ்விரதம். கடல், ஆறு, காடு, மலை, நாடு என யாவரும் அறிந்தவற்றை எல்லையாகக் கொள்ளச் சொல்கிறது நூல். எட்டுத் திசைகளோடு மேலும் கீழும் சேர்ந்து பத்து. கீழ் என்ற திசையை எதற்காக எண்ணினார்கள் என்று மாணவப் பருவத்தில் கேட்டிருக்கிறேன். கிணறும் சுரங்கமும் என்று விடை கிடைத்தது. ஆயிரம் படிகளைப் பற்றி அன்று எனக்குத் தெரியாது.

குறிப்பேட்டைத் திறந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கிழக்கே கடல். மேற்கே சத்தியமங்கலம் காடு. வடக்கே சம்மேத சிகரம். அது ஒன்றே தம் வாழ்நாளில் எஞ்சிய ஆசை என்றார், நடந்தே ஏறுவதாகவும் சொன்னார். தெற்கே மதுரை. மூலைத் திசைகள் நான்கையும் தயக்கமின்றிச் சொன்னார். தென்கிழக்கில் கொல்லிமலை எல்லைக்கு உள்ளே நின்றது. மேல், கீழ் என்ற இரண்டு இடங்கள் எஞ்சின. எழுதுகோலைத் தூக்கியபடி காத்திருந்தேன்.

"அதை இப்போது எழுதாதே. முழங்கால் வலி முதலில் போகட்டும்" என்றார்.